செவ்வெறும்பின் குலமும் குடியிருப்பும்

மனிதனுக்கு முதன்முதல் அளிக்கப்பட்ட பணிகளுள் பெயரிடுதல் ஒன்று என ஆதியாகமம் கூறுகின்றது. தன் முன் கொணரப்பட்ட உயிர்கள் ஒவ்வொன்றையும் நோக்கி ஆதாம் பெயரிட்டான் என்பது நாம் சிறு பருவ முதல் கேட்டு வரும் வரலாறு. நீதிமொழிகளிலோ, சாலொமோன் சோம்பேறியை எறும்பினிடம் அனுப்பி, அதன் வழிகளைக் கண்டு அறிவு பெறுமாறு பணிக்கின்றான். இவ்விரண்டும் நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் பன்முறை ஓதப்பட்டவை. ஆயினும் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து எண்ணியவர் சிலரே. எறும்பினிடம் அறிவு பெறச் செல்பவன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “இஃது எந்த எறும்பு?” என்பதன்றோ? அக்கேள்வியின் அருமையை நம் சேலம், நாமக்கல் சமவெளியை முன்னிட்டு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர் எறும்புகளை வகுத்தறியாதவர் அல்லர். கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு, மரத்தில் இலை தைத்து வாழும் முசிறு என வழங்கும் பெயர்கள், உருவும் நிறமும் கடியும் இருப்பிடமும் நோக்கி இடப்பட்டவையே. பிள்ளையார் எறும்பு கடியாது, கட்டெறும்பு கடித்தால் விடாது என்பதை நம் நாட்டுச் சிறுவர் யாவரும் பள்ளிக்குச் செல்லுமுன்னரே கற்றுவிடுகின்றனர். அன்றாட வாழ்க்கைக்கு இவ்வறிவு போதியதே. ஆனால் ‘செவ்வெறும்பு’ என்னும் ஒரு சொல்லின் கீழ், பிறப்பாலும் பழக்கத்தாலும் ஒன்றோடொன்று சிறிதும் உறவில்லாத பல இனங்கள் புகுந்து கிடக்கின்றன. அச்சொல்லைக் கொண்டே நாம் அமைந்துவிடின், வயலில் இழப்பு நேரும்பொழுது யாரை நோவது என்றும் அறியோம், எவ்விடத்து உதவி தேடுவது என்றும் அறியோம். ஆதலின், எறும்பை வகுத்துப் பெயர் காண்பதும், அஃது எவ்வெவ்விடத்து வாழ்கின்றது என்று வரைந்து வைப்பதும் வீண் பொழுதுபோக்கு அல்ல என்றும், நம் போன்ற மாவட்டக் கல்லூரிகளின் கடமையே என்றும் யாம் கருதுகின்றோம்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட எறும்பு, நெருப்பெறும்பு எனவும் கூறத்தகும் செவ்வெறும்பாகும். பூச்சிநூலார் இதனைச் ‘சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா’ என்பர். வரப்பிலும், களத்து மேட்டிலும், பயிரின் அடியிலும், வெயில் நன்றாகப் படும் திறந்த நிலத்தில் மண்ணைக் கிளறிப் புற்றமைத்து வாழ்வது இது. புற்றைக் காலால் இடறினால் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டு மேலேறும். வாயாற் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்புறத்துக் கொடுக்கினாற் குத்தும். குத்திய இடம் தீப்பட்டாற்போல் எரியும். அந்நஞ்சிலுள்ள காரப் பொருள்கள் ‘பைப்பெரிடின்’ என்னும் வளையத்தை அடிப்படையாகக் கொண்டவை. நம் மிளகின் காரத்திற்குக் காரணமான பொருளிலும் அவ்வளையமே அமைந்துள்ளது என்பது இரசாயன மாணவர்க்கு வியப்பளிப்பதாகும்.

இவ்வெறும்பை அடையாளம் காண்டல் அரிதன்று. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைக்கண்ணாடி போதும். உணர்கொம்பில் பத்துக் கணுக்கள் இருக்கும்; கடைசி இரண்டு கணுக்களும் பருத்துக் கதை போல் தோன்றும். இடையில் இரண்டு முடிச்சுகள் உண்டு. முதுகின் பின்பகுதியில் முள் இல்லை. ஒரே புற்றில் சிறிய வேலையாட்களும், அவற்றினும் மிகப் பெரியவையும் கலந்திருக்கும். பெரியவற்றின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவிற்குப் பருத்து, ஏறக்குறையச் சதுரமாய், பின்புறம் நடுவே ஆழ்ந்த பள்ளத்தால் இரண்டாகப் பிளந்தது போல் காணப்படும். விதைகளை உடைத்து மாவாக்குதல் அப்பெருந்தலையரின் தொழில். இப்பெருந்தலையே இவ்வினத்தின் முத்திரை எனலாம்.

இனி இதன் குலம் யாதெனப் பார்ப்போம். எறும்புகள் யாவும் குளவியும் தேனீயும் அடங்கிய பெருவரிசையைச் சார்ந்த ஒரே குடும்பத்தவை. அக்குடும்பம் பல உட்குடும்பங்களாகப் பிரிந்துள்ளது. நெருப்பெறும்பு ‘மிர்மிசினே’ என்னும் உட்குடும்பத்தைச் சார்ந்தது. இவ்வுட்குடும்பத்தார்க்கு இடையில் முடிச்சு இரண்டு; இவர்களுட் கொடுக்குடையார் பலர். முசிறோ ‘ஃபார்மிசினே’ உட்குடும்பத்தது. அதற்கு முடிச்சு ஒன்றே, கொடுக்கு இல்லை. கடித்த வாயில் எறும்பமிலத்தைப் பீய்ச்சுவதனாலேயே அதன் கடி எரிகின்றது. எனவே, மாமரத்து முசிறும் வரப்பிலுள்ள நெருப்பெறும்பும் நிறத்தால் ஒன்றாயினும் குலத்தால் வேறு. முன்னது மரத்தின் மேலுள்ள புழுபூச்சிகளை வேட்டையாடுவது. பின்னது நிலத்தில் வாழ்ந்து விதையும் பூச்சியும் இனிப்பு நீரும் ஒருங்கே உண்பது. இரண்டையும் ‘சிவப்பு எறும்பு’ என்று ஒரே மருந்து தெளித்துக் கொல்பவன், தன் காவற்காரனையும் கள்வனையும் ஒரே சிறையில் அடைப்பவனாகின்றான்.

இவ்வெறும்பிற்குப் பெயர் வந்த வரலாறு நம் கல்லூரி போன்ற நிலையங்களுக்கு உவப்பளிப்பதாகும். 1804ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பூச்சிநூற் புலவர் யோகான் கிறிஸ்தியான் ஃபாப்ரீசியுஸ் என்பார் இதனை ‘ஆட்டா ஜெமினேட்டா’ என முதலிற் பெயரிட்டு வருணித்தார். இவரைச் சென்னையில் நெடுநாள் ஊழியஞ்செய்து 1779ஆம் ஆண்டில் தமிழ் அகராதி வெளியிட்ட யோகான் பிலிப் ஃபாப்ரீசியுஸ் ஐயருடன் மயங்கலாகாது. ஒருவர் சொற்களைத் தொகுத்தார். மற்றவர் பூச்சிகளைத் தொகுத்தார். பெயர் ஒன்றாயின் ஆளும் ஒன்றென எண்ணுவது எத்துணைத் தவறு என்பதற்கு இவ்விருவருமே சான்று. பூச்சிநூல் ஃபாப்ரீசியுஸுக்கும் நம் நாட்டிற்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. லின்னேயுஸின் மாணாக்கரும், 1768ஆம் ஆண்டில் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தவருமான யோகான் கெர்ஹார்ட் கோனிக் போன்றோர் இக்கரையிலிருந்து அனுப்பிய உயிர்களும் ஐரோப்பியப் புலவரின் மேசைகளைச் சென்றடைந்தன. நம் கட்டெறும்புகளுள் ஒன்றிற்கு 1787ஆம் ஆண்டில் பெயரிட்டவரும் அந்த ஃபாப்ரீசியுஸே. நம் மண்ணின் உயிர்கள் உலக அறிவேட்டில் ஏறியதில் மிஷன் நிலையங்களுக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பின்னர், 1840ஆம் ஆண்டில் வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலப் புலவர் ‘சொலெனாப்சிஸ்’ என்னும் பேரினத்தை வகுத்தார். 1851ஆம் ஆண்டில், சென்னை இராசதானியில் கம்பெனியின் வைத்தியராயிருந்த தாமஸ் காவர்ஹில் ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் அட்டவணை ஒன்றைச் சென்னையிலேயே நடந்துவந்த இலக்கிய விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியிட்டார். பறவைநூல் வல்லுநர் என்றே பலரும் அறிந்த அவர், நாற்பதுக்கும் மேற்பட்ட எறும்பினங்களை அதில் வருணித்தார். தாவிக் குதித்து இரைபிடிக்கும் ‘ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர்’ என்னும் எறும்பை உலகுக்கு அறிவித்தவர் அவரே. அவ்வெறும்பின் மரபணுத் தொகுதி 2010ஆம் ஆண்டில் முழுதும் படிக்கப்பட்டது. எறும்புகளுள் முதன்முதல் அவ்வாறு படிக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று.

அவ்வட்டவணையில் ஜெர்டன் நம் நெருப்பெறும்பையும் கண்டு, புதிய இனம் என எண்ணி, ‘ஆட்டா ரூஃபா’ எனப் பெயரிட்டார். ‘ரூஃபா’ என்பது சிவந்தது எனப் பொருள்படும். நம் நாட்டார் ‘செவ்வெறும்பு’ என்றதும் அதுவே. ஆயினும் முன்னிட்ட பெயரே நிற்கும் என்பது பெயரிடுவோர் ஏற்றுக்கொண்ட நீதியாதலின், ஃபாப்ரீசியுஸின் பெயர் நிலைத்தது. ஜெர்டனின் பெயர் அதனுள் அடங்கிற்று. இவ்வடக்கத்தின் உட்பொருள் பெரிது. அமெரிக்கக் கண்டத்து எறும்பும் தென்னிந்தியாவில் ஜெர்டன் கண்ட எறும்பும் ஒன்றே எனத் தெளிந்த பின்னரன்றோ, “அங்குள்ளது இங்கு வந்தது யாங்ஙனம்?” என்னும் கேள்வியே பிறக்கின்றது! இரு பெயரும் இரு வேறு இனங்களைக் குறிப்பனவாகவே நின்றிருப்பின், அக்கேள்வியைக் கேட்பாரே இருந்திரார். வகைப்பாடு செம்மையுற்றாலன்றிப் பரப்பின் வரலாறு விளங்காது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அக்கேள்விக்கு விடை 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகின் பல இடங்களிலிருந்தும் திரட்டிய இவ்வெறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கிய ஆராய்ச்சியாளர், கிழக்குலகில் வாழும் கூட்டங்களின் மூலம் மெக்ஸிக்கோ நாட்டின் தென்மேற்குக் கரைப்பக்கமே எனக் கண்டனர். அக்கரையிலுள்ள அக்கபூல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன் தீவுகளின் மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியர் பெருங்கலங்களை ஓட்டி வந்தனர். வெள்ளியை ஏற்றி வந்து, பட்டும் வாசனைப் பொருளும் ஏற்றிச் சென்ற அக்கலங்கள், ஆட்டமின்றி மிதத்தற்காக மண்ணையும் கல்லையும் நிலைப்பாரமாக அடியில் இட்டுக்கொள்வது வழக்கம். அம்மண்ணோடு எறும்பும் கடல் கடந்தது என்பதே அவர்கள் துணிபு. மணிலாவிலிருந்து அஃது ஆசியாவின் பிற வணிகத் துறைகளுக்குப் பரவிற்று. சோழமண்டலக் கரையின் துணிகளும் அந்நாளில் மணிலாச் சந்தைக்குச் சென்றன என்பதை நினைக்கும்பொழுது, நம் நாட்டிற்கும் அவ்வழியில் ஒரு கதவு திறந்தே இருந்தது என்பது புலனாகும். இன்று இவ்வெறும்பு ஹவாய், கலாபகோஸ் தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடபாகத்திலும், வெப்பநாடுகள் பலவற்றிலும் குடியேறியுள்ளது.

இனி, இவ்வெறும்பைக் குறித்த மிகப் பழைய வழக்கொன்றை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். 1518, 1519ஆம் ஆண்டுகளில், ஹிஸ்பானியோலா என்னும் மேற்கிந்தியத் தீவில் எறும்புகள் அளவின்றிப் பெருகி மக்களை வருத்தின. ஆரஞ்சும் மாதுளையும் பட்டுப்போயின. நம் நாட்டினின்று உலகெங்கும் சென்ற சரக்கொன்றையும் அங்கே தீயாற் கருகியது போல் நின்றது. குடியேறிய ஸ்பானியர் சீட்டுப் போட்டு ஒரு பரிசுத்தவானைக் காவலராகத் தேர்ந்து ஊர்வலம் நடத்தினர். இவற்றையெல்லாம் பார்த்தலோமே லாஸ் காசாஸ் என்னும் குருவானவர் எழுதிவைத்துள்ளார். எறும்புகளே மரத்தின் வேரைத் தின்றன என்பது அந்நாளைய நம்பிக்கை. 2005ஆம் ஆண்டில் எட்வர்ட் வில்சன் என்னும் எறும்புநூற் பேரறிஞர் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்தார். எறும்பு இந்த நெருப்பெறும்பே எனவும், ஆனால் மரங்களைக் கொன்றவை அது மேய்த்த சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளாகலாம் எனவும், அப்பூச்சிகள் 1516ஆம் ஆண்டில் கடல் கடந்து கொணரப்பட்ட வாழைக் கன்றுகளோடு வந்திருக்கலாம் எனவும் அவர் கருதினார். கண்ணுக்குப் பட்டது எறும்பு. ஆதலின் பழியும் எறும்பின்மேல் விழுந்தது. உண்மைக் கேடு இலையின் மறைவில் இருந்தது.

ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்பார்க்கு, நம் மரவள்ளிக் காடுகளைச் சுட்டிக் காட்டுவோம். 1940-களில் சேலத்தில் சவ்வரிசித் தொழில் தோன்றிய நாள் முதல், இராசிபுரம், நாமக்கல், ஆத்தூர்ப் பகுதிகளின் புன்செய்க் குடியானவர் பலரின் வாழ்வு மரவள்ளிக் கிழங்கையே சார்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி முதலிற் காணப்பட்டது. மெக்ஸிக்கோவைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி பப்பாளியோடு நில்லாது மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றிக்கொண்டது. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் விடப்பட்டன, கேடு அடங்கிற்று. ஆனால் 2020ஆம் ஆண்டில் கேரளத்துத் திருச்சூரில் வேறொரு மாவுப்பூச்சி மரவள்ளியிற் காணப்பட்டது. அது நம் மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டும் வெண்மாவு பூசியவை. இரண்டும் நுனியைச் சுருட்டுபவை. ஆயினும் முன்னதற்கு விட்ட குளவி பின்னதை ஏறெடுத்தும் பாராது. பின்னதற்குரிய குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொணர்ந்து, 2022ஆம் ஆண்டில் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடவேண்டியதாயிற்று.

அக்குளவி ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்த கதையும் பெயரிடுதலின் கதையே. 1970-களில் ஆப்பிரிக்க மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. 1977ஆம் ஆண்டில் பிரெஞ்சு அம்மையார் ஒருவர் அதனை வருணித்துப் பெயரிட்டார். மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்காவாதலின், பூச்சியின் பகைவனும் அங்கேயே இருத்தல் வேண்டும் எனத் தேடியோர், அக்கண்டத்தின் வடபாகத்தில் ஒத்த உருவுடைய பூச்சியைக் கண்டு, அதன் ஒட்டுண்ணிகளைக் கொணர்ந்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியை ஏற்கவில்லை. நுணுகி ஆராய்ந்தபொழுது, அது வேறோர் இனம் என்பது வெளியாயிற்று. 1981ஆம் ஆண்டில் பராகுவே நாட்டில் உண்மை இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குளவியும் கிடைத்தது. பல நாடுகளின் உணவு காக்கப்பட்டது. அம்முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். மயிரிழை போன்ற வேறுபாட்டை உருப்பெருக்கியின் கீழ்க் கண்ட ஒரு கண், கோடிக்கணக்கானோரின் சோற்றைக் காத்தது எனின் மிகையாகாது.

இவற்றிடையே எறும்பின் இடம் யாது? மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீரை எறும்பு விரும்பி உண்ணும். அதற்குக் கைம்மாறாக, அப்பூச்சியை நாடிவரும் குளவியையும் வண்டையும் விரட்டும். ஆகவே எறும்பு மிகுந்த வயலில் குளவியின் வேலை தடைப்படுதல் கூடும். எந்த எறும்பு எவ்வளவு தடை செய்கின்றது என்பது இனத்திற்கு இனம் வேறுபடும். பிலிப்பைன் நாட்டு நெல்வயல்களில் இந்நெருப்பெறும்பே பயிர்ப்பூச்சிகளை உண்டு உழவனுக்குத் துணை செய்வதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஓரிடத்தில் நண்பன், ஓரிடத்தில் பகைவன்! இதனை “எறும்பு நல்லது”, “எறும்பு கெட்டது” என்னும் ஒற்றைத் தீர்ப்பால் முடிக்க இயலுமோ? மரவள்ளியின் தண்டில் ஊரும் எறும்பு எவ்வினம், எத்தனை, எந்தப் பருவம் என்னும் மூன்றையும் எழுதிவைத்த ஏடு இருந்தாலன்றித் தீர்ப்புக் கூற ஒருவர்க்கும் உரிமையில்லை.

இக்கருத்தை மறுப்பார் கூறுவன சில உள. “உழவனுக்கு வேண்டியது மருந்து, இலத்தீன் பெயர் அன்று” என்பர் ஒரு சாரார். நோயின் பெயரறியாது மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை; பூச்சியின் பெயரறியாது நஞ்சு தெளிப்பவனை மட்டும் நம்புவது எற்றுக்கு? “அயல்நாட்டு எறும்பாதலின் அடியோடு அழித்தலே தக்கது” என்பர் வேறு சிலர். மரவள்ளியும் மிளகாயும் நிலக்கடலையும் அதே அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை என்பதை இவர்கள் நினைத்தல் வேண்டும். ஜெர்டன் காலத்திலேயே நிலைபெற்று, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் மண்ணில் வாழும் ஒன்றை வேரறுத்தல் இனி இயலுவதன்று; அம்முயற்சியில் நம் சொந்த எறும்புகளே முதலில் மாண்டுபோம். அளவறிந்து, இடமறிந்து அடக்குதலே செய்யத்தக்கது. அளவும் இடமும் அறிதற்கு வழி ஆராய்ச்சி ஒன்றே.

“பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்க, மாவட்டக் கல்லூரி மாணவர் இதிற் செய்யக்கூடியது என்ன?” என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே சற்று வலியுடையது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட எறும்பு வகைகள் உள்ளன என 2016ஆம் ஆண்டின் தொகுப்பு ஒன்று கூறுகின்றது. 828 என்பது அதன் கணக்கு. பெயர்ப்பட்டியல் உண்டு, ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு பருவத்திலும் ஊர் ஊராக நடந்து பார்த்தல் தலைநகரத்துப் புலவர்க்கு இயலுமோ? அவ்வூர்களிற் பிறந்து, விடுமுறைதோறும் அங்கே சென்று வருவோர் நம் மாணவரே. இவ்வேலைக்கு வேண்டிய கருவிகளும் எளியவை: சாராயம் நிரப்பிய சிறு சீசா, கைக்கண்ணாடி, எழுதுகோல், சீட்டு. இடம், நாள், நிலத்தின் தன்மை, பிடித்தவர் பெயர் ஆகிய நான்கும் எழுதப்பெறாத மாதிரி வெறும் செத்த எறும்பே; எழுதப்பெற்றதோ ஒரு சாசனம்.

காலம் தாழ்த்தலாகாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டில், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் அருகேயுள்ள கரந்தமலை அடிவார ஊர்களில், மஞ்சள் பைத்திய எறும்பு என்னும் இனம் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணையும் தாக்கியதால் மக்கள் பெரிதும் துன்புற்றனர். அவ்வெறும்பும் ஜெர்டன் 1851ஆம் ஆண்டிலேயே வருணித்ததுதான். அவர் இட்ட பெயர் முன்பே வேறோர் எறும்பிற்கு வழங்கியிருந்தமையால், 1857ஆம் ஆண்டில் ஸ்மித் என்பவர் இட்ட பெயரே இன்று நிலவுகின்றது. நெடுநாள் நம்மிடையே இருந்த இனமே ஒருநாள் பெருகிக் கேடு செய்தல் கூடும் என்பதற்கு அது சான்று. மேலும், நெருப்பெறும்பின் உறவினமான ‘சொலெனாப்சிஸ் இன்விக்டா’, அதாவது ‘வெல்லப்படாதது’ எனும் பெயருடையது, தென்னமெரிக்காவினின்று புறப்பட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பற்றிக்கொண்டது. 2001ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும், பின்னர்த் தைவானிலும் சீனத்திலும், 2023ஆம் ஆண்டில் இத்தாலிய சிசிலித் தீவிலும் காணப்பட்டது. அது நம் துறைமுகங்களில் ஒருநாள் இறங்கி, மரக்கட்டையோடும் நாற்று மண்ணோடும் நம் சமவெளிக்கு ஏறி வருமாயின், “இதுவும் செவ்வெறும்புதானே!” என்று நாம் கடந்துபோவோம். அதற்குப் பெருந்தலை வேலையாள் இல்லை என்பதையும், வாயின் மேற்றகட்டின் நடுவே ஒரு சிறு பல் உண்டு என்பதையும் அறிந்த கண் ஒன்று இருந்தாலன்றோ தொடக்கத்திலேயே தடுத்தல் இயலும்? பழைய விருந்தாளியை நன்கு அறிந்தவனே புதிய கள்வனை வேறு பிரித்தறிவான்.

ஆதலின் யாம் வேண்டுவது இது. நம் கல்லூரியின் விலங்குநூற் பகுதி, சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களின் எறும்புத் தொகுப்பொன்றை நிறுவுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், வரப்பு, தோட்டம், வீடு, கோயிற் புறம், ஆற்றங்கரை என ஐந்திடத்து எறும்புகளைச் சேர்த்துவரின், சில ஆண்டுகளில் ஒரு நல்ல படம் உருவாகும். திருமணிமுத்தாற்றின் கரை நெடுகவும், மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்கால்களிலும், சங்ககிரி, திருச்செங்கோட்டு வறண்ட பாறை நிலத்திலும் எவ்வெவ்வினம் மிகுதி என்பது புலனாகும். மலை ஏற ஏற நெருப்பெறும்பு எவ்வுயரத்தில் நின்றுவிடுகின்றது என்பது மற்றுமோர் இனிய வினா. அதற்கு இறைவனும் பொறியாளரும் சேர்ந்தே நமக்கு அளவுகோல் செய்து தந்துள்ளனர். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும், ஏர்க்காட்டுச் சாலையின் 20 வளைவுகளிலும் ஒவ்வொன்றிலும் சிறிது சர்க்கரையும் கடலெண்ணெயும் வைத்து, வரும் எறும்பை எழுதிக்கொள்ளின், திறந்த வெயில் நிலத்தை விரும்பும் இவ்வினம் காட்டு நிழலில் எங்கே தளர்கின்றது என்பது ஒரு கோடை விடுமுறையிலேயே தெரியவரும்.

அத்தொகுப்போடு தமிழ்ப் பெயர்களையும் தொகுத்தல் வேண்டும் என்பது எமது இரண்டாம் வேண்டுகோள். ஊருக்கு ஊர் பாட்டிமாரும் ஆடுமேய்ப்போரும் வழங்கும் எறும்புப் பெயர்கள் பல அகராதியில் ஏறாமலே மறைகின்றன. இலத்தீன் பெயர் உலகத்தாரோடு பேசுதற்கு வேண்டும். தமிழ்ப் பெயர் உழவனோடு பேசுதற்கு வேண்டும். எந்தத் தமிழ்ப் பெயர் எந்த இனத்தைக் குறிக்கும் என்று மாதிரியோடு இணைத்து எழுதிவைப்பின், விலங்குநூல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யும் பணி அதுவாகும். சொற்களைத் தொகுத்த ஃபாப்ரீசியுஸும் பூச்சிகளைத் தொகுத்த ஃபாப்ரீசியுஸும் அம்மேசையில் ஒருங்கே அமர்ந்தது போலாம்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. ஒரு மாணவன் ஓராண்டில் சேர்க்கும் பத்துச் சீசாக்கள் சிறியனவே. ஆனால் ஆண்டுதோறும், வகுப்புதோறும் அவ்வாறு சேருமாயின், நம் அறியாமை என்னும் கல்லும் தேய்ந்தே தீரும். பட்டம் பெற்றுச் சென்று பள்ளிகளிலும் பண்ணைகளிலும் அலுவலகங்களிலும் வாழும் பழைய மாணவர்களும் தத்தம் ஊரிலிருந்து ஒரு சீசாவும் ஒரு சீட்டும் அனுப்பி இப்பணிக்குத் துணைபுரிவார்களாக. அடுத்த முறை மரவள்ளி நுனி சுருளும்பொழுது, தம் நிலத்து எறும்பின் பெயரென்ன, அது செய்வதென்ன என்று கேட்கும் குடியானவருக்கு, நம் கல்லூரியில் விடை இருத்தல் வேண்டும்.